பயணிகள் விமானங்களில் பார்க்க அழகானது எது? மகளின் அறைச் சுவருக்கு மூன்று வேண்டும்

நங்கநல்லூர் தூரிகை

வணக்கம். சுவரில் படம் வரைவது என் தொழில். பள்ளிக்கூடம், கிளினிக், ஓட்டல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வரைகிறேன். இந்த முறை எங்கள் வீட்டுச் சுவர். மகளுக்கு விமானம் என்றால் உயிர். கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிற விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் போகும். சோற்றில் கை வைத்தபடியே, சத்தத்தைக் கேட்டு "இது ஏடிஆர்மா" என்று சொல்லிவிடுவாள். வெளியே ஓடிப் பார்த்தால் ஏடிஆர் என்கிற அந்தச் சின்ன புரொப்பல்லர் விமானம்தான் போய்க்கொண்டிருக்கும்.

அவள் அறையில் ஜன்னல் இல்லாத நீளச் சுவர் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று பயணிகள் விமானங்கள் வரையப் போகிறேன். அதற்கு மேல் போட்டால் ஒன்றையொன்று நெருக்கும், எதுவும் எடுபடாது.

வேகமானது எது, பெரியது எது என்று நான் கேட்கவில்லை. கண்ணுக்கு எது அழகு, ஏன் அழகு? ஒரு கோடு எதற்காக அப்படி வளைகிறது என்று தெரிந்தால்தான் எனக்குக் கை ஓடும். அதனால் பெயரோடு நிறுத்தாமல், எந்தப் பக்கமிருந்து பார்த்தால் அழகு என்றும் சொல்லுங்கள்.

நான் ஏற்கெனவே முடிவு செய்திருப்பது ஏர் இந்தியாவின் பழைய ஜம்போ, போயிங் 747. 1971இல் 'எம்பரர் அசோகா' என்ற பெயரில் முதலாவது வந்தது. ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சிவப்பு நிறத்தில் ராஜஸ்தான் மாளிகைச் சாளரத்தின் வளைவைத் தீட்டியிருப்பார்கள். வரிசையாக அத்தனை ஜன்னலுக்கும்! வர்ணம் பிடித்துப் பழகிய கைக்குத்தான் அது எவ்வளவு பொறுமையான வேலை என்று தெரியும்.

மற்ற இரண்டு இடமும் காலி. இன்றைய விமானங்கள் எனக்கு எல்லாம் ஒரே அச்சாகத் தெரிகின்றன. ஒரு குழாய், இரண்டு எஞ்சின், முடிந்தது. அப்படி இல்லை என்றால் எடுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மொட்டைமாடி லென்ஸ் (பழவந்தாங்கல்)

அக்கா, நான் உங்க பக்கத்து ஏரியா. கேமராவும் கையுமா திரியற ஆளு. ஒரே அச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதில்.

கீழே நின்னு வயித்தை மட்டும் பார்த்தா எல்லாமே குழாய்தான். ஒரு நாள் சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு பரங்கிமலை உச்சிக்குப் போங்க. அங்கேர்ந்து பார்த்தா இறங்கற விமானத்தோட இறக்கையை மேல்பக்கமா பார்க்கலாம். நம்ம மாடியிலேர்ந்து அது கிடைக்கவே கிடைக்காது. போயிங் 787 வந்தா விடாதீங்க. அது இறக்கை கார்பன் இழையில செஞ்சது, நல்லா வளைஞ்சு கொடுக்கும். எரிபொருள் ரொப்பிக்கிட்டுத் தரையில நிக்கும்போது சாதாரணமாத்தான் இருக்கும். சக்கரம் தரையை விட்டதும் ரெண்டு முனையும் மேலே ஏறி, முழு இறக்கையும் ஒரே வில்லா வளைஞ்சு நிக்கும். வேற எந்த விமானத்துலயும் அந்த வளைவு இந்த அளவுக்குக் கண்ணுல படாது. எஞ்சின் உறையோட பின் விளிம்பு பல் பல்லா வெட்டியிருக்கும். சத்தத்தைக் குறைக்க அப்படிச் செஞ்சிருக்காங்க. வரையும்போது அதை விட்டுடாதீங்க.

ஏர்பஸ் ஏ350 இன்னொண்ணு. பழைய ஏ330ல இறக்கை நேரா வந்து, ஒரு இடத்துல மடங்கி மேலே போகும். மடங்கற இடத்தை விரல் வச்சுக் காட்டிடலாம். ஏ350ல அந்த இடமே கிடையாது. எங்கே இறக்கை முடியுது, எங்கே முனை ஆரம்பிக்குதுன்னு ஜூம் போட்டுப் பார்த்தாலும் தெரியாது. விமானி ஜன்னல் ஆறையும் சேர்த்து ஒரு கறுப்புப் பட்டை ஓடும். 787க்கு முன்னாடி நாலே கண்ணாடி, மூக்கோட வளைவுலயே இழைஞ்சு போயிருக்கும். இந்த ரெண்டு மூக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்புறம் ஒரே அச்சுன்னு சொல்ல மாட்டீங்க.

ஏ380 வேண்டாம்கா. நெஞ்சாரச் சொல்றேன். நீளம் 72.7 மீட்டர், இறக்கை அகலம் 79.8 மீட்டர். இன்னும் நீளமான ஒரு உடம்பையும் மனசுல வச்சு இறக்கையையும் வாலையும் போட்டாங்க. அந்த நீள உடம்பு கடைசிவரைக்கும் வரலை. அதான் எந்தப் பக்கம் பார்த்தாலும் கட்டையா இருக்கு. உள்ளே உட்கார அருமையான விமானம், அது வேற கதை.

747 சரியான தேர்வு. ஆனா 747-200ஐ வரைங்க, 400 வேணாம். ஏர் இந்தியாகிட்ட முதல்ல இருந்தது 200தான், மேல்மாடித் திமில் குட்டையா இருக்கும். திமில் வந்ததுக்கே காரணம் சரக்குதான். ஒலியைவிட வேகமான விமானம் வந்துட்டா ஜம்போவையெல்லாம் சரக்கு ஏத்தத்தான் வச்சுக்குவாங்கன்னு அப்ப நினைச்சாங்க. மூக்கைத் தூக்கித் திறந்து நேரா சரக்கை உள்ளே தள்ளணும்னா விமானி நடுவுல இருக்கக் கூடாது இல்லையா? அதனால அவங்களை மாடிக்கு ஏத்திட்டாங்க. அந்த மாடியோட பின்பக்கம் காத்து வழுக்கிட்டுப் போறதுக்குத்தான் அந்தச் சரிவு.

2024 ஏப்ரல் 22ஆம் தேதி ஏர் இந்தியாவோட கடைசி 747 மும்பையிலேர்ந்து கிளம்பும்போது, இடமும் வலமும் இறக்கையைச் சாய்ச்சுக் காட்டிட்டுப் போச்சு. வீடியோ இருக்கு, பாப்பாகிட்ட காட்டுங்க.

முஹர்ரக் பழைய ஆள் (ராமநாதபுரம்)

அம்மா, இந்தக் கேள்வியைப் படிச்சுட்டு என்னால பதில் போடாம இருக்க முடியலை. கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்குங்க.

1975இல் பஹ்ரைனுக்குப் போனவன் நான். முஹர்ரக் விமான நிலையத்துல தரை வேலை. சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறது, படி வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, பெட்டி ஏத்தி இறக்குறது. அந்தக் காலத்துல லண்டன்லேர்ந்து கிழக்கே போற விமானம் நிறைய பஹ்ரைன்ல இறங்கித்தான் போகும். அதனால உலகத்துல அன்னைக்குப் பறந்ததுல பாதி ரகத்தோட வயித்துக்கு அடியில நான் நின்னிருக்கேன். எண்ணெய் ஒழுகுற இடம், தகடு சேர்ற இடம், ஆணி வரிசை எல்லாம் தெரியும்.

அந்த அனுபவத்துல சொல்றேன். விமானத்தோட அழகு இறக்கையிலதான் இருக்கு. மூக்கு, வால், பூச்சு எல்லாம் அதுக்கு அப்புறம். இறக்கையில எதுவும் தொங்கக் கூடாது. எஞ்சினைக் கொண்டுபோய் இறக்கைக்குக் கீழே மாட்டினதும் அந்த ஓட்டம் அறுந்து போயிடுது. அப்படிப் பார்த்தா எனக்கு ஒரே பதில்தான். விக்கர்ஸ் வி.சி.10.

இங்கிலாந்துல செஞ்சது. முதல்ல பறந்தது 1962 ஜூன் 29. பி.ஓ.ஏ.சி.ங்கிற பிரிட்டிஷ் விமானக் கம்பெனிக்காகவே கட்டினது. அவங்களுக்கு ஆப்பிரிக்கா போற தடம் நிறைய இருந்துச்சு. நைரோபி, ஜோஹன்னஸ்பர்க் எல்லாம் மேட்டு நிலம். உயரத்துல காத்து அடர்த்தி கம்மி, வெயில்ல இன்னும் கம்மி. ஓடுபாதையும் அப்ப சின்னது. எடையோட கிளம்பணும்னா இறக்கை நல்லாத் தூக்கணும். அதுக்காக எஞ்சின் நாலையும் பிடுங்கி வால் பக்கம் கொண்டுபோய், ஒரு பக்கத்துக்கு ரெண்டா வச்சுட்டாங்க. இறக்கை முழுசும் தூக்குற வேலைக்கே காலியாச்சு. முன் விளிம்புல முனை வரைக்கும் நீளுற தகடு, பின்னாடி அகலமா இறங்குற தகடு. எஞ்சின் பின்னாடி போனதால கிடைமட்ட வாலைச் செங்குத்து வாலோட உச்சிக்கு ஏத்த வேண்டியதாச்சு. அம்மா, நீங்க கேட்டீங்களே, கோடு ஏன் அப்படி வளையுதுன்னு. இந்த விமானத்துல ஒரு கோடுகூடச் சும்மா போட்டது இல்லை.

கல்ஃப் ஏர் 1974இல் பி.ஓ.ஏ.சி.கிட்ட இருந்த வி.சி.10 சிலதை வாங்கியிருந்தாங்க. தங்க நிற வல்லூறுதான் அவங்க சின்னம். அதுக்கு முன் கதவுல படி வண்டியைச் சேர்த்துட்டு, உச்சிப் படியில நின்னு பின்பக்கம் திரும்பிப் பார்ப்பேன். இறக்கையோட முன் விளிம்பு வயித்துலேர்ந்து கிளம்பி, பின்னாடி சாஞ்சு, முனை வரைக்கும் ஒரே வெட்டாப் போகும். காத்து பக்கவாட்டுல வழுகாம இருக்க ஒரு சின்னத் தகடு எழுந்து நிக்கும், வேற ஒண்ணும் கிடையாது. விடியக்காலையில அந்த விளிம்புல வெளிச்சம் விழும்போது பார்க்கணும். மத்த விமானத்துல அதே இடத்துல நின்னா எஞ்சினோட வாய்தான் தெரியும்.

கீழே இறங்கி வால் பக்கம் போனா இன்னொரு அழகு. எஞ்சின் ஜோடி ஜோடியா உடம்போட ஒட்டி இருக்கும், ரெண்டு உறையும் ஒண்ணா இணைஞ்சு பின்னாடி மெலிஞ்சு முடியும். தலையைத் தூக்கினா செங்குத்து வால் பின்பக்கம் சாஞ்சு மேலே போய்க்கிட்டே இருக்கும். உச்சியில கிடைமட்ட வால் வந்து சேர்ற இடத்துல முன்னும் பின்னும் கூரா ஒரு உறை. தரையிலேர்ந்து 12 மீட்டர் உயரம் அது. புதுசா வேலைக்கு வந்த பையன்கள் பெட்டியைக் கையில வச்சுக்கிட்டே அண்ணாந்து நின்னுடுவாங்க. மேஸ்திரி வந்து அதட்டுவாரு. அவரும் கொஞ்ச நேரம் பார்த்துட்டுத்தான் போவாரு.

சத்தம் மட்டும் கொடூரம். ரோல்ஸ் ராய்ஸ் கான்வே எஞ்சின், முடுக்கினா நெஞ்செலும்பு ஆடும். உள்ளே உட்கார்ந்தவங்களுக்கு அது கேட்காது, எல்லாம் பின்னாடி போயிடும். பயணிகளுக்கு அந்த விமானம்னா அவ்வளவு பிரியம்.

ஆனா மொத்தம் கட்டினது 54தான். எஞ்சினைத் தாங்கப் பின் உடம்பை வலுவாக்கினாங்க, எடை கூடிப்போச்சு, எரிபொருள் அதிகம் குடிச்சுது. இதுக்கு நடுவுல ஆப்பிரிக்காவுல ஓடுபாதையை எல்லாம் நீளமாக்கிட்டாங்க. அப்ப போயிங் 707 போதும்னு ஆயிடுச்சு. இது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

கான்கார்டைச் சொல்லாம போனா யாராவது சண்டைக்கு வருவீங்க. அதையும் பார்த்தவன்தான். அது முதல்முதலாப் பயணிகளை ஏத்திக்கிட்டு லண்டன்லேர்ந்து வந்து இறங்கினதே எங்க பஹ்ரைன்லதான், 1976 ஜனவரி 21. பொழுது சாஞ்ச நேரம். வேலை இல்லாதவன்கூட ஏதோ வேலை இருக்கிற மாதிரி ஓடுதளத்துப் பக்கம் வந்து நின்னான். எங்க ஊர் கண்மாயில நாரை இறங்குறப்ப உடம்பை நிமித்திக்கிட்டுக் காலை முன்னால நீட்டுமே, அதே நிமிர்வு. அந்த முக்கோண இறக்கைக்கு மெதுவா வரணும்னா மூக்கைத் தூக்கித்தான் வரணும். அப்ப விமானிக்குப் பாதை தெரியாது, அதனால மூக்கை 12.5 டிகிரி கீழே மடக்கிக்கிட்டு வரும். கிளம்பும்போது 5 டிகிரி. மேலே போனதும் நேராக்கிடுவாங்க.

கொஞ்ச காலம் அது பஹ்ரைன் வழியா சிங்கப்பூருக்கும் போச்சு. அதுக்குன்னு ஒரு கான்கார்டுக்கு இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பூச்சு, வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பூச்சு. இந்தப் பக்கமிருந்து கட்டை வைக்கப் போறவனும் அந்தப் பக்கமிருந்து போறவனும் வேற வேற கம்பெனி விமானத்தைப் பார்ப்பாங்க. அதுக்கு வெள்ளைதான் பூசணும்னு ஒரு கட்டாயம் உண்டு. ஒலியைப்போல ரெண்டு மடங்கு வேகத்துல உடம்பு சூடாகி நீளும், வெள்ளை சூட்டைத் திருப்பி அனுப்பும்.

இருந்தாலும் என் கணக்குல கான்கார்ட் ரெண்டாவதுதான். பறக்கும்போது அதுக்கு ஈடு கிடையாது. நின்னுட்டா, நெட்டைக் கால் மேல ஏத்தி வச்ச மாதிரி தரையோட ஒட்டாம நிக்கும். வி.சி.10 நிக்கும்போதும் கிளம்பப் போற மாதிரியே இருக்கும்.

மூணாவது லாக்ஹீட் டிரைஸ்டார். அதையும் கல்ஃப் ஏர் 1976இல் கொண்டுவந்தாங்க. மூணு எஞ்சின்ல நடு எஞ்சினை உடம்போட கடைசியிலயே புதைச்சு, காத்து போற குழாயை வளைச்சு மேலே வாய் வச்சிருப்பாங்க. அதே காலத்துல வந்த டி.சி.10ல நடு எஞ்சினை நேரா வாலுக்கு நடுவுல சொருகியிருப்பாங்க. அது சுலபமான வேலை. ரெண்டும் எங்க நிலையத்துல பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது, டிரைஸ்டாரோட முதுகுலேர்ந்து வால் எழும்புற இடத்தைப் பார்த்தா, மெனக்கெட்டவன் யாருன்னு தெரியும். மொத்தம் 250 கட்டினாங்க.

ஆனா நீங்க மூணுதான் வரையப்போறீங்க, ஜம்போவை விடமாட்டீங்க. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வி.சி.10ஐ வரைங்க.

கொக்குவில் – வேய்பிரிட்ஜ்

முஹர்ரக் ஐயா, நீங்கள் சொன்ன வி.சி.10 கட்டின ஊரிலதான் நான் இருக்கிறன். சரே மாவட்டம், வேய்பிரிட்ஜ். தொழிற்சாலை இருந்த இடம் இப்ப புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகம். அங்க ஒரு வி.சி.10 வெளியில நிக்குது, ஓமான் சுல்தானிட்ட இருந்த விமானம். வளைகுடா ஆளான உங்களுக்கு அது இன்னும் பிடிக்கும். பக்கத்திலேயே ஒரு கான்கார்டும் நிக்குது, நீங்கள் சொன்ன வித்தியாசத்தை ஒரே இடத்தில நிண்டு பார்க்கலாம். நான் பிள்ளையளோட போனால் முதல் வாலுக்குக் கீழதான் போவன். உந்த உயரத்தைப் படத்தில பிடிக்கேலாது. இன்னொரு விஷயம், அங்க ஓடுபாதை சரியான கட்டை. முதல் வி.சி.10 அந்தச் சின்னப் பாதையில இருந்துதான் கிளம்பி, கிட்ட இருக்கிற விஸ்லியில போய் இறங்கினது. அந்த இறக்கை என்ன செய்யும் எண்டதுக்கு வேற சாட்சி தேவையில்லை. பிரிட்டிஷ் விமானப்படை 2013 செப்டம்பர் வரைக்கும் அதை எரிபொருள் நிரப்புற விமானமாய் வைச்சிருந்தது.

டிரைஸ்டார் எங்கட ஆக்களுக்கும் பழக்கம். ஏர் லங்கா கன காலம் ஓட்டினது. வால்ல சிவப்பில மயில் சின்னம், இராவணன்ர பறக்கும் மயிலாம். நான் முதல்முதல் ஏறின விமானம் அதுதான், கட்டுநாயக்காவில இருந்து. அம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு படியேறினவ. நான் வாலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறினனான்.

ஆனா ஐயா, இறக்கையில ஒண்டும் தொங்கக்கூடாது எண்டால் டி ஹாவிலண்ட் காமெட்டை ஏன் விட்டீங்கள்? 1949இல் பறந்த முதல் ஜெட் பயணிகள் விமானம். நாலு எஞ்சினும் இறக்கை உடம்போட சேருற இடத்துக்குள்ளேயே இருக்கு. முன்னால நிண்டு பார்த்தால் காற்று போற வாய் மட்டும் தெரியும். 1952இல் கொழும்புக்கே வந்து போனது. 1954இல் ரெண்டு காமெட் அடுத்தடுத்து வானத்தில உடைஞ்சு விழுந்த பிறகு எல்லாரும் அந்த விபத்தை மட்டும்தான் கதைக்கினம். வடிவைப் பற்றிக் கதைக்கிறது குறைவு. இங்க டக்ஸ்போர்ட் அருங்காட்சியகத்தில ஒரு காமெட் 4 இருக்கு. அதின்ர மூக்கைப் பாருங்கோ. பிரெஞ்சுக்காரர் காரவெல் செய்யேக்க அந்த மூக்கை அப்படியே வாங்கித்தான் வைச்சவை.

காரவெல் ஜன்னல் (மாட்டுங்கா)

மேலே காரவெல் என்ற பெயரைப் பார்த்ததும் வந்துவிட்டேன். இந்தியன் ஏர்லைன்ஸில் 1964 முதல் ஓடியது. என் அப்பா அலுவலக வேலையாக மும்பைக்கும் சென்னைக்கும் அதில்தான் போய்வருவார். அதன் ஜன்னல் முக்கோணம்! மூலைகள் மழுங்கிய முக்கோணம், அடிப்பக்கம் அகலம், மேலே குறுகல். கீழே நிலத்தைப் பார்க்கத்தானே ஜன்னல் ஓரத்தில் உட்காருகிறோம், அதற்குக் கண்ணாடி எங்கே வேண்டுமோ அங்கே அகலம் வைத்தார்கள். ஜன்னலின் வடிவத்துக்காக ஒரு விமானத்தை வரைவதென்றால் இதை வரையுங்கள். எஞ்சின் இரண்டும் பின்னால்தான், முஹர்ரக் ஐயாவின் நிபந்தனையும் நிறைவேறுகிறது.

கோவை பட்டறை

எல்லாரும் ஜெட்டையே பேசிக்கிட்டு இருக்கீங்க. லாக்ஹீட் கான்ஸ்டலேஷனை ஒருத்தரும் சொல்லலைங்களே.

நாலு புரொப்பல்லர் விமானமுங்க அது, முதல்ல பறந்தது 1943 ஜனவரியில. அதோட உடம்புல நேர்கோடே இல்லைங்க. மூக்கு கொஞ்சம் கீழே குனிஞ்சு, முதுகு மேடாகி, வால் திரும்ப மேலே எழும்பும். புரொப்பல்லர் பெருசு, தரையில இடிக்காம இருக்கோணும். அதுக்கு விமானத்தை உசரத்துல நிறுத்தினா முன்சக்கரக் கால் ரொம்ப நீளமாயிடும், அதனால மூக்கைக் குனிய வச்சாங்க. செங்குத்து வால் மூணு. ஒரே வாலா வச்சா அன்னைக்கு இருந்த கொட்டகைக்குள்ள நுழையாதுங்க, உசரத்தை மூணாப் பிரிச்சுட்டாங்க.

நான் லேத்துப் பட்டறை வச்சிருக்கேன், அந்தக் கண்ணுல சொல்றேன். உடம்பு வளைஞ்சுக்கிட்டே போறதால உள்ளே இருக்கிற வளையச் சட்டமெல்லாம் வேற வேற அளவு. ஒவ்வொண்ணுக்கும் தனி அச்சு, தனி வேலை. இன்னைக்கு எல்லாமே ஒரே விட்டம். நடுவுல ரெண்டு வளையத்தைச் சேர்த்தா நீளமான மாடல் ரெடி, ரெண்டைக் கழிச்சா குட்டை மாடல். செலவு மிச்சமுங்க, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா செலவைப் பார்க்காம செஞ்ச உருப்படியைத் தொழில் தெரிஞ்சவன் கும்பிடாம போக மாட்டான்.

ஏர் இந்தியா முதல்ல வெளிநாட்டுக்கு ஓட்டினதும் இந்த விமானத்தைத்தானுங்க. 1948 ஜூன் 8, மும்பையிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியா லண்டன். பேரு 'மலபார் பிரின்சஸ்'. ஜே.ஆர்.டி. டாடாவே அதுல போனாருங்க.

முஹர்ரக் பழைய ஆள் (ராமநாதபுரம்)

கொக்குவில் தம்பி, புரூக்லண்ட்ஸ்ல அது நிக்குதுன்னு கேட்டதே எனக்குப் போதும். பேரன் உங்க நாட்டுலதான் படிக்கிறான், போகச் சொல்றேன்.

காமெட் நல்ல கேள்வி. எஞ்சினை உள்ளே வைக்கணும்னா இறக்கையோட அடிப்பக்கத்தைத் தடிமனாக்கணும். தூரத்துலேர்ந்து தெரியாது, பக்கத்துல போய் நின்னா தோள் பெருத்துத் தெரியும். அதைவிட, உள்ளே வச்ச எஞ்சினை எடுத்துட்டுப் பெருசா ஒண்ணை வைக்க இடம் இருக்காது. வேலை பார்க்கிறவனுக்கும் கஷ்டம். எஞ்சின் பக்கத்துல நின்னு வேலை செஞ்சவன் அந்த இறக்கையைப் பார்த்தா அழகுன்னு சொல்ல முதல்ல மனசு வராது. உங்க கண்ணுக்கு அழகாத் தெரியுறதை நான் மறுக்கலை.

கோவை அண்ணாச்சி சொன்னதுக்கு என்கிட்ட எதிர்ப்பேச்சு இல்லை. நான் போறதுக்கு முன்னாடியே அதோட காலம் முடிஞ்சு போச்சு, கிட்ட நின்னு பார்க்கக் கொடுத்து வைக்கலை.

நங்கநல்லூர் தூரிகை

இத்தனை பேர் இவ்வளவு மனசு வைத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். டிரைஸ்டார் வாலையும் டி.சி.10 வாலையும் ஒரே தாளில் வரைந்து காட்டச் சொன்னாள். வரைந்தேன். முஹர்ரக் ஐயா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஒன்றில் கோடு வழிந்து போகிறது, மற்றதில் நின்று நின்று போகிறது.

முடிவு இதுதான். நடுவில் வி.சி.10, பெரியதாக. இடப்பக்கம் மேலே 787, பரங்கிமலையிலிருந்து பார்க்கிற கோணத்தில், இறக்கை வளைந்தபடி. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்ப் பார்த்தோம், தம்பி சொன்னது உண்மை. வலப்பக்கம் கீழே என் 747, குட்டைத் திமில், சிவப்புச் சாளரங்களோடு. கான்ஸ்டலேஷனை விட மனசில்லை, கதவின் உள்பக்கத்தில் தனியாக வரைகிறேன். கதவுக்கு நீளம்தான் உண்டு, அகலம் இல்லை. அதனால் மேலே ஏறுகிற மாதிரி போட்டுக்கொள்கிறேன்.

ஐயா, வி.சி.10ஐ எந்தப் பக்கமிருந்து போடட்டும்? என்ன நிறம்? கல்ஃப் ஏரா, பி.ஓ.ஏ.சி.யா?

முஹர்ரக் பழைய ஆள் (ராமநாதபுரம்)

மனசு நிறைஞ்சு போச்சும்மா.

பி.ஓ.ஏ.சி. பூச்சே போடுங்க. நான் வேலை பார்த்தது கல்ஃப் ஏர் வல்லூறைத்தான், ஆனா அந்த வாலுக்குன்னே பொறந்த நிறம் கருநீலம். வால் முழுக்கக் கருநீலம், அதுல தங்க நிறத்துல அவங்க ஸ்பீட்பேர்ட் சின்னம். உடம்புல ஜன்னலோட சேர்ந்து கருநீலப் பட்டை, மேலே வெள்ளை. நீலத்தை அடர்த்தியா எடுங்க, வெளுத்துப் போனா வால் எடுபடாது.

கோணம், பின்பக்கமிருந்து முக்கால்வாசி. வாலுக்குப் பின்னாடி கொஞ்சம் தள்ளி, இடப்பக்கமா நின்னு பார்க்கிற மாதிரி. அப்பத்தான் எஞ்சின் ஜோடி, உச்சி வால், அதுக்கு அப்பால சாஞ்சு போற இறக்கை மூணும் ஒண்ணாத் தெரியும். முன்பக்கமிருந்து போட்டுடாதீங்க, எஞ்சின் ஜோடியோட அழகு சரியாத் தெரியாது, வேற ஏதோ விமானம் ஆயிடும். உச்சி வால் மேல்சுவரைத் தொடக் கூடாது, ஒரு சாண் இடம் விடுங்க.

கோடு போடும்போது இறக்கையை முதல்ல போடுங்க. உடம்பை அதுக்கப்புறம் வரைஞ்சுக்கலாம்.